காற்றாடிமலை போகும் வழியில்

வியாழன் இரவு, நாகர்கோவில்

2022 மே 15 அன்று ரோமில் போப் பிரான்சிஸ் 10 பேரைப் புனிதர்களாக அறிவித்தார். அதில் ஒருவர் நம்ம மார்த்தாண்டம் பக்கத்து ஆள். நீலகண்டன் என்று பிறந்து, தேவசகாயம் என்று ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். சாமியார் இல்லை, துறவி இல்லை. மனைவி, வீடு, அரசாங்க உத்தியோகம் எல்லாம் இருந்த குடும்பஸ்தர். இந்தியாவில் இப்படி ஒரு இல்லறத்தாரை, நம்பிக்கைக்காக உயிர் கொடுத்த மறைசாட்சி என்று சொல்லிக் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக்கியது அதுதான் முதல் தடவை.

நான் சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவன். எங்கள் வீட்டில் புனிதர் படம் கிடையாது, நேர்ச்சை கிடையாது. ஆனால் "தைரியமாய்ச் சாட்சி சொல்லணும்" என்பதைக் கன்வென்ஷன் பந்தல்களில் கேட்டே வளர்ந்தவன். மைக்கைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்வது சுலபம். அப்படிச் சொன்னவருக்கு என்ன ஆனது, யார் எதிர்த்தார்கள், எதற்காக எதிர்த்தார்கள் என்று நடந்த இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அத்தை வீடு வடசேரியில் இருப்பதால் தங்கும் கவலையும் இல்லை.

சாயங்காலம் கோட்டாறு சவேரியார் கோயிலுக்குப் போனேன். தேவசகாயத்தின் எலும்புகளைக் காட்டிலிருந்து எடுத்து வந்து பலிபீடத்துக்கு முன்னால் அடக்கம் செய்தது இங்கேதான். கல்லறை அருகே ஒரு அம்மா கால் நீட்டி உட்கார்ந்து கட்டைப் பையிலிருந்து மருந்துச் சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தார். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கடைசியில் ஒரு பள்ளிக்கூட அடையாள அட்டை. எல்லாவற்றையும் வரிசையாக வைத்துவிட்டு எதுவும் பேசாமல் இருந்தார். நெற்றியில் குங்குமம். இங்கே அது யாருக்கும் வியப்பில்லை. டிசம்பர் 3 சவேரியார் திருவிழாவுக்கு மாவட்டம் முழுக்கவே உள்ளூர் விடுமுறை.

அத்தையிடம் வந்த காரியத்தைச் சொன்னேன். சோறு பரிமாறிக்கொண்டே, "மக்களே, இங்க வந்து தைரியம், எதிர்ப்புன்னு சத்தமாப் பேசாத. 82-ல நாங்க எல்லாம் பட்டாச்சு" என்றார். 1982-இல் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காடு கலவரம். அப்போது அத்தைக்குக் கல்யாணமான புதிது. இரண்டு பக்கமும் மைக் வைத்துப் பேசியவர்கள் பத்திரமாக இருந்தார்கள், கடற்கரையிலும் வயல்காட்டிலும் இருந்த ஏழைகள்தான் அடிபட்டார்கள் என்பது அவர் கட்சி. அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

வெள்ளி, தக்கலை

காலையில் மார்த்தாண்டம் பஸ். அங்கிருந்து ஆட்டோவில் நட்டாலம். ரப்பர் மரங்களும் மரச்சீனித் தோட்டமும் சேர்ந்த, மேடும் பள்ளமுமான ஊர். நீலகண்டன் 1712 ஏப்ரல் 23 அன்று இங்கே பிறந்தார். அப்பா வாசுதேவன் நம்பூதிரி, காயங்குளத்துக்காரர், திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் பூசை செய்தவர். அம்மா தேவகி, நாயர் குடும்பம். வாரிசுரிமை தாய்வழியில் போகிற மருமக்கள்தாய முறைப்படி பையன் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தான். சமஸ்கிருதம், மலையாளம், தமிழ், வர்மம், களரி எல்லாம் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்கள். நட்டாலத்தில் அதிக நேரம் இருக்கவில்லை. பிறந்த இடத்தில் ஒரு மனிதனைப் பற்றித் தெரிந்துகொள்ள அதிகம் இருப்பதில்லை. வேலை பார்த்த இடத்தில்தான் இருக்கும்.

அவர் வேலை பார்த்தது பத்மநாபபுரத்தில். அன்றைக்குத் திருவிதாங்கூரின் தலைநகர் அதுதான். நீலகண்டசுவாமி கோயில் அலுவல், அப்புறம் அரண்மனைப் பொறுப்பு. அரண்மனையில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் செருப்பைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணாடி மாதிரி மின்னும் கறுப்புத் தரையைத் தொட்டுப் பார்க்காத பையன் இல்லை. நானும் தொட்டேன். எனக்கு இங்கே மனதில் ஓடியது வேறு. மார்த்தாண்ட வர்மா 1750 ஜனவரியில் தன் நாட்டையே ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு எழுதிக்கொடுத்து, தன்னைப் பத்மநாபதாசன் என்று அறிவித்துக்கொண்டார். திருப்படிதானம் என்று அதற்குப் பெயர். அந்த நேரத்தில் தேவசகாயம் விலங்கோடு இருக்கிறார். நாடே சாமியின் சொத்து என்றான பிறகு, அரண்மனைச் சம்பளம் வாங்குகிற ஒருவன் வேறு சாமியைப் பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தால் அரசாங்கத்தின் கண்ணுக்கு அது வெறும் நம்பிக்கை விவகாரமாகத் தெரியுமா? ராஜ துரோகமாகத்தான் தெரியும். கொடுமையை நியாயப்படுத்தவில்லை. எதிர்த்தவர்கள் என்ன கணக்குப் போட்டார்கள் என்று புரிந்துகொள்ளத்தான் பார்க்கிறேன்.

இதில் இன்னொன்றும் உண்டு. மதத்துக்காக அவரைக் கொன்றதற்குத் திருவிதாங்கூர் ஆவணங்களில் ஆதாரம் இல்லை என்று கேரள வரலாற்று ஆசிரியர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். திருச்சபைப் பக்கம் பாதிரியார்களின் கடிதங்களும் மக்கள் வழக்கும் இருக்கின்றன. என்னைக் கேட்டால், துரோகக் குற்றமா மதக் குற்றமா என்று பிரிக்கும் கோடே அந்தக் காலத்து அரண்மனையில் இருந்திருக்காது.

மத்தியானம் தக்கலையில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். சாப்பிட்டுவிட்டு உதயகிரிக் கோட்டை. வனத்துறைப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள், மான்கள் நிற்கின்றன. காதலர்களும் குடும்பங்களும் மான் பார்க்கப் போகிற பாதையிலிருந்து விலகி நடந்தால் கூரை இல்லாத ஒரு சிற்றாலயம். உள்ளே டிலனாய் கல்லறை.

டிலனாய் இல்லாமல் இந்தக் கதையே இல்லை. டச்சுக் கம்பெனியின் படைத்தலைவராக வந்து, 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சல் போரில் தோற்று, மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டவர். பிடித்த ராஜாவுக்கே படைப் பயிற்சி கொடுத்து, கோட்டை கட்டி, பீரங்கி வார்த்து, 'வலிய கப்பித்தான்' என்று பெயர் வாங்கி, 1777-இல் இந்தக் கோட்டையிலேயே இறந்தார். கல்லறைப் பலகையில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. குனிந்து விரலால் எழுத்தைத் தடவினேன். சில இடங்களில் வெட்டு இன்னும் கூர்மையாக இருக்கிறது, சில இடங்களில் பாசி ஏறி மழுங்கிவிட்டது. பக்கத்திலேயே அவர் மனைவி, மகன் கல்லறைகள்.

நீலகண்டனுக்கு வீட்டில் அடுத்தடுத்து நஷ்டம். மாடுகள் செத்தன, விளைச்சல் போனது. முகம் வாடியிருந்தவரிடம் டிலனாய், எல்லாம் இழந்தும் நம்பிக்கையை விடாத பைபிள் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி. இதை யோசித்தால் எனக்கு ஒரு சந்தோஷம். பந்தல் இல்லை, துண்டுப் பிரசுரம் இல்லை. போரில் தோற்றுப் பிடிபட்டவன், தன்னைப் பிடித்த நாட்டின் அதிகாரியிடம், கஷ்டப்படுகிறாயே என்று உட்கார்ந்து பேசியிருக்கிறான். ராஜாவுக்குத் தெரிந்தால் தன் நிலைமை என்ன ஆகும் என்று டிலனாய்க்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அதனால்தானோ என்னவோ, ஞானஸ்நானத்துக்கு நீலகண்டனைத் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே, வடக்கன்குளத்துக்கு அனுப்பி வைத்தார்.

கோட்டையிலிருந்து கொஞ்ச தூரத்தில் புலியூர்க்குறிச்சி. முட்டிடிச்சான் பாறை இங்கேதான். சவுக்கடி, காயத்தில் மிளகு, எருமை மேல் ஏற்றி ஊர் ஊராய் ஊர்வலம், கழுத்தில் எருக்கம்பூ மாலை என்று அவரை இழுத்துக்கொண்டு போகும்போது தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. முழங்கையால் பாறையை இடித்தார், தண்ணீர் வந்தது என்பது நம்பிக்கை. ஒரு சின்னக் குழி. பிளாஸ்டிக் கப்பில் மொண்டு பாட்டிலில் நிரப்பிக்கொண்டிருந்த பெரியவர் எனக்கும் ஒரு கப் நீட்டினார். "குடியுங்க, எங்க இருந்து வாறிய?" மதுரை என்றேன். "அங்க தண்ணி கஷ்டம்லா" என்று இன்னொரு கப் கொடுத்தார்.

அற்புதத்தை விடுங்கள். எருமை, எருக்கம்பூ இரண்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. உயிரை எடுக்க வேண்டுமென்றால் முதல் நாளே எடுத்திருக்கலாம். 1749 பிப்ரவரியில் கைது, 1752 ஜனவரியில் கொலை. மூன்று வருஷம் தெருத்தெருவாகக் காட்டினார்கள். அப்படிக் காட்டியது அவருக்காக அல்ல, பார்க்கிறவர்களுக்காக. மேல்சாதிக்காரன் ஒருவன் கீழே இறங்கிப் போய் எல்லாரோடும் சேர்ந்து உட்கார்ந்தால் இதுதான் கதி என்று ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் மேல் வந்த புகார்களில் சாமியைப் பழித்தார் என்பதோடு, சாதி ஆசாரத்தைக் கெடுத்தார் என்பதும் இருந்தது. வெறும் ஜெபம் செய்துகொண்டு வீட்டிலேயே இருந்திருந்தால் விட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வழியில் பெருவிளையிலும் இறங்கினேன். அங்கே அவரை ஒரு வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்தார்கள். பார்க்க ஜனங்கள் வரத் தொடங்கியதும் அதிகாரிகளுக்குத் தலைவலி கூடிவிட்டது. காவல்காரனுக்குப் பிள்ளை இல்லை, அவனுக்காகக் கைதியே வேண்டிக்கொண்டார், பிள்ளை பிறந்தது என்று இன்றும் சொல்கிறார்கள். சங்கிலியில் கிடந்துகொண்டும் வருகிறவர்களிடம் பேசுவதை நிறுத்தவில்லை. கடைசியில் ஆரல்வாய்மொழி எல்லைக்குத் துரத்தினார்கள், அங்கேயும் ஜனங்கள் தேடிப் போனார்கள்.

சனி, வடக்கன்குளம்

ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டி, காவல்கிணறு வழியாக வடக்கன்குளம். மழை மறைவுப் பக்கம். நாகர்கோவிலில் சாரல், இங்கே புழுதி. 1745 மே 14 அன்று இயேசு சபைக் குரு புத்தாரி இங்கே நீலகண்டனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஊர் மக்கள் அந்தக் குருவைப் பரஞ்சோதிநாதர் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். பின்னால் மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். கணவர் கொல்லப்பட்ட பிறகு அந்த அம்மாள் சொந்த ஊரில் இருக்க முடியாமல் இங்கே வந்து வாழ்ந்து இங்கேயே மண்ணுக்குள் போனார். புனிதர் பட்ட விழாவில் அவரைப் பற்றி ரொம்பப் பேசினதாக நினைவில்லை. மாட்டிக்கொண்டவரின் சங்கிலி தெரிகிறது, வீட்டில் மிச்சமிருந்தவள் தாய்வழி உறவு மொத்தத்தையும் இழந்தது தெரிவதில்லை. மருமக்கள்தாய வீட்டில் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று நட்டாலம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆனால் நான் வடக்கன்குளம் வந்தது முக்கியமாக இன்னொரு விஷயத்துக்கு. கால்சட்டைக் கோயில்.

டீக்கடை பெஞ்சில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் கேட்டேன். வாயால் சொல்லவில்லை. காலடியில் கிடந்த குச்சியை எடுத்து மண்ணில் வரைந்தார். மேலே ஒரு சதுரம், "இது பீடம்". அதிலிருந்து கீழே சாய்வாக இரண்டு பட்டைகள், ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். "இந்தக் காலு வெள்ளாளர். இந்தக் காலு நாடார்." நடுவில் அழுத்தி ஒரு கோடு. "சாமியாரை ரெண்டு பேருக்கும் தெரியும். இவன் மூஞ்சி அவனுக்குத் தெரியாது, அவன் மூஞ்சி இவனுக்குத் தெரியாது." சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

1872-இல் கட்டியது. அதாவது, சாதி பார்க்காமல் எல்லாரோடும் உட்கார்ந்ததற்காக ஒருவர் செத்து 120 வருஷம் கழித்து, அவர் ஞானஸ்நானம் வாங்கிய அதே ஊரில், ஒரே பலிபீடத்துக்கு முன்னால் இரண்டு சாதி ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பதற்காகவே திட்டம் போட்டு ஒரு கோயில் கட்டியிருக்கிறார்கள். கல் சுண்ணாம்பு எல்லாம் சேர்த்து, எவ்வளவு சிரத்தையாகச் செய்திருப்பார்கள்! 1910-இல் பாதிரியார்கள் அந்தத் தடுப்பை எடுத்தார்கள். எடுத்தவுடன் வெள்ளாளர் தரப்பு கோர்ட்டுக்குப் போனது. எங்கள் தனி இடம் எங்கள் உரிமை என்பது வாதம். வழக்கு மதராஸ் உயர் நீதிமன்றம் வரை போய், கடைசியில் தோற்றார்கள்.

"எடுத்த சாமியாருக்கு எதிர்ப்பு இருந்திருக்குமே?" என்றேன்.

"இருக்காதா? கோயிலுக்கே வரமாட்டோம்னு நின்னவங்க உண்டு. வெளியில உள்ளவன் எதிர்த்தா மாலை போடுவாங்க. உள்ள உள்ளவன் எதிர்த்தா யாரு போடுவா?"

எங்கள் சபைகளின் கதை இதைவிட மேல் என்று நினைத்துக்கொண்டு இந்த இடத்தை எழுதவில்லை. தனிக் கல்லறைத் தோட்டம், ஊர் பார்த்துப் பாதிரியார் மாற்றம், பேராய எலெக்‌ஷனில் சாதிக் கணக்கு என்று நம்ம பக்கம் பட்டியல் நீளமானது. அதைப் பற்றி மேடையில் பேசுகிற சுவிசேஷகரை நான் பார்த்தது குறைவு. அரசாங்கத்தையும் அயல் மதத்துக்காரரையும் எதிர்த்து முழங்குகிற குரல், சபைக் கமிட்டி என்றதும் தண்ணீர் கேட்கிறது.

தேவசகாயத்தை இங்கே உள்ளவர்களே 'தேவசகாயம் பிள்ளை' என்றுதான் ரொம்ப காலம் சொன்னார்கள். புத்தகம், படம், போஸ்டர் எல்லாவற்றிலும் அப்படித்தான். சாதிப் பெயரை எடுக்க வேண்டும் என்று விண்ணப்பம் போய், 2020-இல் வத்திக்கான் அதை எடுத்துவிட்டது. வாத்தியாரிடம் அதைக் கேட்டேன். "எங்க வீட்டுல இன்னும் பிள்ளைன்னுதான் சொல்லுதாவ. பழகிட்டு" என்றார், சிரிக்காமல்.

ஞாயிறு, மயிலாடி

இன்றைக்கு எங்கள் பக்கக் கதை.

மயிலாடி கல் வேலைக்குப் பேர்போன ஊர். ரோட்டோரம் முழுக்கச் சிற்பக் கூடங்கள். பிள்ளையாரும் நந்தியும் பாதி முடிந்த நிலையில் வெயிலில் நிற்கிறார்கள், பக்கத்தில் ஒரு மாதா சிலை, கல்லறைக்கு வைக்கும் சிலுவைகள். ஞாயிறு ஆனதால் உளிச் சத்தம் இல்லை.

மயிலாடிக்காரரான மகாராசன், தீண்டாமைக்கு ஆளான சமூகத்தில் பிறந்தவர். சிதம்பரத்துக்குத் தீர்த்த யாத்திரை போய்த் திரும்பும்போது தஞ்சாவூரில் தேவாலயத்துக்குள் தற்செயலாகப் போய், கோலாப் ஐயர் என்கிற மிஷனெரியின் பிரசங்கம் கேட்டு, ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் ஆனார். அங்கேயே தங்கியிருக்கலாம். ஊருக்குத் திரும்பினார். சொந்தக்காரர்களே கைகொட்டிச் சிரித்தார்கள், நிலவுடைமைக்காரர்கள் மிரட்டினார்கள். ஆனால் கேட்கவும் ஆள் கூடியது. எங்களுக்கு ஒரு குருவை அனுப்புங்கள் என்று அவர் கேட்டதால்தான் ரிங்கல்தௌபே என்கிற ஜெர்மானியர் 1806 ஏப்ரல் 25 அன்று ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். மிஷனெரி வந்து இந்த ஊருக்கு வேதம் கொண்டுவந்ததாகப் பாடப் புத்தகம் மாதிரி சொல்வோம். முறைப்படி பார்த்தால் ஊர்க்காரர்தான் முதலில் கொண்டுவந்தார், வெள்ளைக்காரர் பின்னால் வந்தார்.

ஆலயம் கட்ட அனுமதி உடனே கிடைக்கவில்லை. திவான் வேலுத்தம்பி காலம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியான பிரிட்டிஷ் ரெசிடென்ட் மெக்காலேயின் தயவு இருந்தும் இழுபறிதான். 1809-இல்தான் ஆலயம் எழும்பியது. இந்த ரெசிடென்ட் தயவு என்கிற சமாச்சாரம் என்னைச் சங்கடப்படுத்தும். கம்பெனிக்காரன் துணையோடு வரும் தைரியத்தையும், எருமை மேல் உட்கார்ந்தவரின் தைரியத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ரிங்கல்தௌபேவுக்கே அது தெரிந்திருக்க வேண்டும். வரிக்கும் ஊழிய வேலைக்கும் தப்பிக்கத்தான் பலர் வருகிறார்கள் என்று சலித்துக்கொண்டவர் அவர். சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு எளிமையாக வாழ்ந்தவர். 1816-இல் சபைகளை வேதமாணிக்கத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறினார். அதற்கப்புறம் அவர் எங்கே, எப்படி இறந்தார் என்பதற்கு உறுதியான தகவலே கிடையாது.

ஆனால் வந்தவர்கள் எல்லாம் வரிக்காகத்தான் வந்தார்கள் என்று தள்ளவும் மனசு வரவில்லை. இங்கிருந்து பக்கத்திலேதான் சுசீந்திரம். அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கிற உரிமைக்கு 1926-இல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில்தான். மார்பை மறைக்கிற உரிமைக்குப் பெண்கள் 1859 ஜூலை வரை அடிபட்டார்கள். தோள்சீலைக்காக அடிபட்ட பெண்களில் முன்னால் நின்றவர்கள் இந்தச் சபைகளில் எழுத்துப் படித்தவர்கள். தெருவில் நடக்க முடியாதவனிடம் வந்து, நீயும் தேவனுடைய பிள்ளை என்று ஒருவர் சொன்னால், அதில் எது வேதம், எது விடுதலை என்று அவன் பிரித்துப் பார்த்துக்கொண்டா இருப்பான்?

ஆராதனை முடிந்ததும் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு ஊழியரைச் சந்தித்தேன். முப்பது வயதிருக்கும். ஒடிசாவில் மலைக் கிராமங்களில் வேலை. அங்கே மதமாற்றத் தடைச் சட்டம் 1967 முதலே இருக்கிறது, அடுத்த வருஷமே மத்தியப் பிரதேசத்திலும் வந்தது. நம் தமிழ்நாட்டில் 2002-இல் கொண்டுவந்து அப்புறம் திரும்பப் பெற்றார்கள். "ஸ்டேஷன்ல கூப்பிட்டு உட்கார வைப்பாங்க அண்ணா. சாயங்காலம் வரைக்கும். அடிக்க எல்லாம் இல்ல, சும்மா உட்கார வைப்பாங்க" என்றார். என்ன செய்வீர்கள் என்றேன். "முதல்ல பயந்தேன். இப்ப அங்க உள்ள ஏட்டு பையனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கேன். அவன் எட்டாங்கிளாஸ்."

"பிரசங்கம்?"

"கிராமத்துல மலேரியா வந்தா ஆளைத் தூக்கிட்டுப் போகணும். ரோடு வரைக்கும் நடக்கும்போது எதுக்கு எங்களுக்காகச் செய்யுதன்னு கேப்பாங்க. அப்ப சொல்லுவேன். மறைக்க மாட்டேன்."

ரொம்ப நேரம் பேசவில்லை. அவருக்குச் சின்ன மகள், அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள். ஐஸ் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாராம்.

திங்கள், தேவசகாயம் மவுண்ட்

ஆரல்வாய்மொழியில் இறங்கியபோது காற்று ஆளைத் தள்ளியது. ஆனி மாசம். முப்பந்தல் வரை காற்றாலைகள். காற்றாடிமலை அடிவாரத்தில் வியாகுல அன்னை ஆலயம், அங்கிருந்து சுட்டுக் கொன்ற இடத்துக்குப் படிகள். அவர் மண்டியிட்டு ஜெபித்ததாகச் சொல்லும் பாறையில் முழங்கால் தடம் என்று காட்டுகிறார்கள். மேலே மணியடிச்சான் பாறை. சின்னக் கல்லால் தட்டினால் வெண்கல ஓசை வரும். முன்னால் நின்ற குடும்பத்தில் நான்கு பிள்ளைகளும் முறை வைத்துத் தட்டி முடிக்கிற வரைக்கும் காத்திருந்து நானும் தட்டினேன். கணீரென்றுதான் இருக்கிறது. சுட்டபோது உருண்டு விழுந்த பாறை என்பது கதை.

கொன்ற பிறகு உடலைக் காட்டில் எறிந்துவிட்டார்கள். சில நாள் கழித்துத்தான் சேவகர்கள் கண்ணில் படாமல் வந்து எலும்புகளைப் பொறுக்கிக் கோட்டாற்றுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் பெயர் தெரியாது. பிடிபட்டிருந்தால் அவர்களுக்கும் இதே மலைதான். சாட்சி என்றால் பேசுவது மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் இந்தப் பொறுக்கியெடுத்த ஆட்களையும் கொஞ்சம் நினைக்கலாம். ஒரு வார்த்தை பேசாமல் செய்த வேலை.

படியில் இறங்கும்போது திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு இளைஞர் குழு போன் வைத்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. "எதிரிகளுக்குச் சவால்" என்று ஒருவர் உரத்துப் பேசினார். பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் திருநீறு பூசியிருந்தார். வீடியோ முடிந்ததும் அந்தத் தம்பிகள் அவரிடமே இளநீர் வாங்கிக் குடித்துவிட்டு, விலையில் ஐந்து ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினார்கள். அவரும் குறைத்துக் கொடுத்தார். எதிரி யார் என்று அவர்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!

அத்தைக்கு மட்டிப்பழமும் நேந்திரங்காய் சிப்ஸும் வாங்க வேண்டும். நாளை மதுரைக்கு வண்டி.

அடுத்து ஓரியூர் போகலாம் என்றிருக்கிறேன். 1693 பிப்ரவரி 4 அன்று அருளானந்தர் என்கிற ஜான் டி பிரிட்டோ பாதிரியாரைத் தலை வெட்டிய இடம், பாம்பாற்றங்கரை. அங்கேயும் சண்டை வேதாந்தத்தில் ஆரம்பிக்கவில்லை. சிறுவல்லி தடியத்தேவர் கிறிஸ்தவரானதும் ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் ராஜா சேதுபதியின் உறவுப் பெண். அந்தப் பெண் அழுதுகொண்டு ராமநாதபுரம் போன கதையை அவள் பக்கத்திலிருந்து யாராவது சொல்வார்களா என்று தேவகோட்டைப் பக்கம் விசாரிக்க வேண்டும். பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.